வயலுக்கு வரும் ஆசிரியர்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே சென்றால் மணிமங்கலம் ஏரியை அடையலாம். வீடுகள் நெருங்கி வந்துவிட்ட போதிலும், இந்தப் பக்கத்து ஏரிப் பாசனத்தில் இன்னும் நெல் விளைகிறது. அங்கே ஒன்றரை ஏக்கர் பயிரிடும் ஓர் உழவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. திடீரென ஒரு நாள், வயலின் நடுவே வட்டமாக ஒரு பகுதி தீய்ந்தாற்போல் காய்ந்து கிடக்கிறது. காரணம் புகையான் என்னும் தத்துப்பூச்சி. இது தூரின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து தூரை விலக்கிப் பார்க்க வேண்டும். பயந்துபோய்க் கண்ட மருந்தைத் தெளித்தால், புகையானைத் தின்னும் சிலந்திகள் மடிந்து பூச்சி இன்னும் பெருகும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டாலும் அப்படித்தான். நடும்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம் விடுவதும், பூச்சி கண்டவுடன் நீரை வடிப்பதும் நல்ல பலன் தரும்.

இதை உரிய நேரத்தில் உழவருக்குச் சொல்வது யார்? வேளாண் விரிவாக்கப் பணியாளர். நம் ஊரில் அவரை உதவி வேளாண்மை அலுவலர் என்கிறோம். அவர் நன்றாகப் பணியாற்ற எவை தேவை?

முதல் தேவை, நேரம்

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கிராம சேவகர் வேளாண்மையோடு சுகாதாரம், கல்வி, சாலை என எல்லாவற்றையும் கவனித்தார். வயலுக்குக் கிடைத்த நேரம் குறைவு. பின்னர் டேனியல் பெனோர் என்ற இஸ்ரேலிய நிபுணர் வகுத்த ‘பயிற்சி மற்றும் பார்வையிடல்’ முறை, 1980-களின் தொடக்கத்தில் தமிழகத்திற்கு வந்தது.

அதன் கணக்கைப் பாருங்கள். ஒரு பணியாளருக்கு 800 குடும்பங்கள் என்று கொள்வோம். அவற்றை 8 குழுக்களாகப் பிரித்தால், குழுவுக்கு 100 குடும்பங்கள். இரண்டு வாரத்தில் 8 நாட்கள், நாளுக்கு ஒரு குழு. ஒரே நாளில் 100 பேரைப் பார்க்க முடியுமா? ஆகவே குழுவுக்குச் சுமார் 10 ‘தொடர்பு உழவர்கள்’. அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பணியாளருக்கும் தவறாமல் பயிற்சி உண்டு.

இரண்டாவது தேவை, சரியான ஆளைச் சந்தித்தல்

தொடர்பு உழவர் வசதி மிக்கவராக இருந்தால், அவருக்குப் பொருந்தும் யோசனை சிறு உழவருக்குப் பொருந்தாமல் போகலாம். வட ஆர்க்காட்டில் 1970-களில் நடந்த நெல் ஆய்வில் பங்கேற்ற ராபர்ட் சேம்பர்ஸ், அதிகாரிகளின் பயணம் தார்ச்சாலை ஓரத்தோடு நின்றுவிடுவதைப் பின்னர் சுட்டிக்காட்டினார். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து எட்டிப் பார்த்தால் ஏரிக்கரைக்கு அப்பால் இருக்கும் வயல் தெரியுமா?

இன்னொன்று. கூட்டத்துக்கு அழைக்கப்படுபவர் பெரும்பாலும் பட்டாவில் பெயர் உள்ளவர். ஆனால் நாற்று நடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பட்டம் விடும் யோசனை அவர்கள் காதில் விழாவிட்டால், வயலில் பட்டம் எப்படி வரும்?

மூன்றாவது தேவை, உழவரோடு சேர்ந்து பார்த்தல்

இந்தோனேசியாவைப் புகையான் வாட்டியபோது, அந்நாடு 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் அங்கே ‘உழவர் வயல்வெளிப் பள்ளிகள்’ நடந்தன. சுமார் 25 உழவர்கள் வாரந்தோறும் வயலில் இறங்கிப் பூச்சிகளையும் சிலந்திகளையும் எண்ணினார்கள். மருந்து தேவையா என்று தாங்களே முடிவு செய்தார்கள். அங்கே பணியாளர் கட்டளையிடுபவர் அல்லர். கூட இருந்து கற்பவர்.

1960-களில் வானொலியில் கேட்டுப் பயிரிட்ட ஆடுதுறை 27-ஐத் தஞ்சை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றார்கள். 2018-இல் ‘உழவன்’ செயலி வந்தது. செய்தி சொல்ல இவை போதும். தூரை விலக்கிப் பார்க்க ஒரு மனிதர்தான் வேண்டும்.

கூடுவாஞ்சேரிப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆசிரியரோடு ஒருமுறை போய் வாருங்கள். ‘உங்களுக்கு எத்தனை உழவர்கள்? சாலையிலிருந்து மிகத் தொலைவில் இருப்பவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?’ என்று அங்குள்ளோரிடம் கேளுங்கள். விடைகளைக் குறித்துவந்து, வகுப்பில் கணக்குப் போட்டுப் பாருங்கள்!