கம்பியில்லா உலகம் – 14: இரைச்சலா, நெரிசலா?

சிட்னி மார்ஸ்ஃபீல்டில் உள்ள சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தில் ஜான் ஓசலிவனும் அவருடைய நான்கு சகாக்களும் எதிரொலியை வென்ற கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் செய்தியைக் குழப்பாதிருக்க, தரவைப் பல மெல்லிய அலைவரிசைகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிதானமாக அனுப்பினார்கள். 1996 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதே வழியில் அமைந்த 802.11ஏ என்ற வைஃபை தரநிலை 1999இல் வெளியானது. அதில் ஒரு குறியீடு 4 மைக்ரோ நொடி நீளும். அந்த நேரத்தில் 0.8 மைக்ரோ நொடி, எதிரொலி அடங்குவதற்கென்றே ஒதுக்கிய இடைவெளி.

அலை சீரானதும் எல்லாம் சீராகிவிடவில்லை. வென்ட்வொர்த்வில்லில் ரயிலேறி, தங்கை கல்யாணப் படங்களை மதுரைக்கு அனுப்பிக்கொண்டே போகிறவரைக் கேளுங்கள். சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும், படமோ நகராது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ரேடியோவுக்குள் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது.

இணையம் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. அடியில் ரேடியோ. அதன்மேல், யார் எப்போது பேசலாம் என்று முறை வைக்கும் அடுக்கு. அதற்கும் மேல் வழி தேடும் அடுக்கு, பிறகு தரவைப் பாக்கெட் என்னும் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி, உச்சியில் நம் செயலிகள். அரசு அலுவலகத்தில் கோப்பு மேசை மேசையாக நகர்வதுபோல, ஒவ்வொரு அடுக்கும் தன் வேலையை முடித்து அடுத்ததிடம் தள்ளிவிடும். பக்கத்து மேசையில் என்ன நடக்கிறது என்று கேட்காது. செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்தபோது மின்னஞ்சல் மென்பொருளை யாரும் திருத்தி எழுத வேண்டியிராததற்கு இந்த ஒழுங்குதான் காரணம். இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சிக்கல் டிசிபியின் ஒரு நம்பிக்கையில் இருக்கிறது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இணைய வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப அனுப்பியதில் பாதை அடைத்துக்கொண்டது. இதற்கு வான் ஜேக்கப்சன் 1988இல் மருந்து எழுதினார்: பாக்கெட் தொலைந்தால் அது நெரிசல், உடனே வேகத்தைப் பாதியாகக் குறை. கம்பிக்கு அது சரியான மருந்து. காற்றில் பாக்கெட் தொலைவது பல நேரம் இரைச்சலால்தான். பாதை காலியாகக் கிடக்கும், டிசிபியோ நெரிசல் என்று நினைத்து ஒதுங்கி நிற்கும்.

1993இல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்ற ஹரி பாலகிருஷ்ணன், பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 1995இல் நண்பர்களோடு சேர்ந்து இதற்கு அழகான ஒரு வழி கண்டார். 'ஸ்னூப்' என்று பெயர். ரேடியோ நிலையமே டிசிபி பாக்கெட்டுகளை எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். "இன்னது வரவில்லை" என்று கைபேசியிலிருந்து தகவல் வந்தால், நகலை அங்கிருந்தே அனுப்பிவிட்டு, அந்தத் தகவலை மேலே போகவிடாமல் நிறுத்திக்கொள்ளும். தொலைவிலிருக்கும் சர்வருக்கு எதுவும் தெரியாது, வேகமும் குறையாது. கீழடுக்கு மேலடுக்கின் கடிதத்தைப் படித்து உதவுகிறது. குறுக்கடுக்கு வடிவமைப்பு என்பது இதுதான். ஆனால் பாக்கெட்டின் தலைப்பை மறையாக்கம் செய்து மூடிவிட்டால் ஸ்னூப்புக்குக் கண் தெரியாது.

இதையடுத்து எல்லா அடுக்கையும் எல்லாவற்றோடும் பேசவைக்கும் ஆசை ஆராய்ச்சியாளர்களைப் பிடித்துக்கொண்டது. நிதானமாக எச்சரித்தவரும் சென்னை ஐஐடிக்காரர்தான். 1973இல் அங்கே பட்டம் பெற்ற பி.ஆர்.குமாரும் விகாஸ் கவாடியாவும் 2005இல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. அவர்கள் காட்டிய உதாரணத்தை 802.11ஏ வேகங்களில் வைத்துப் பார்ப்போம். சிக்னல் நன்றாக இருந்தால் 54 மெகாபிட், மோசமானால் 6 வரை ரேடியோ இறங்கும். இது நல்ல ஏற்பாடு. பாக்கெட் கருவிக்குக் கருவி தாவிச் செல்லும் வலையில், குறைந்த தாவல்களில் சேரும் பாதையைத் தேர்ந்தெடுப்பதும் நல்ல ஏற்பாடுதான். இரண்டையும் சேர்த்தால்? பாதை தேடும் அடுக்கு ஒரே நீளமான தாவலை எடுக்கும். தூரம் அதிகம் என்பதால் சிக்னல் மெலியும், ரேடியோ 6 மெகாபிட்டுக்கு இறங்கும். 1500 பைட் பாக்கெட்டுக்கு 2 மில்லி நொடி. மூன்று குட்டித் தாவல்களில் 54 மெகாபிட்டில் அனுப்பியிருந்தால் மொத்தமே 0.67 மில்லி நொடிதான். தனித்தனியே புத்திசாலிகளான இரண்டு பகுதிகள், ஒன்றின் போக்கு மற்றதற்குத் தெரியாமல், சேர்ந்து கெடுத்துவிட்டன. இப்படிப் பத்துப் பின்னல்கள் விழுந்துவிட்டால், பழுதை எந்த இடத்தில் தேடுவது?

மெல்போர்னில் ஹாதோர்னிலுள்ள ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹேயஸும் கிரென்வில் ஆர்மிட்டேஜும் 2011இல் வெளியிட்ட சிடிஜி என்ற டிசிபி வகை எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். அது ரேடியோவிடம் எதையும் கேட்பதில்லை. பாக்கெட் போய்ப் பதில் வர ஆகும் நேரம் சுற்றுக்குச் சுற்று கூடுகிறதா என்று கவனிக்கும். நெரிசல் என்றால் வழியில் வரிசை நீளும், தாமதம் ஏறும். தாமதம் ஏறாமலே பாக்கெட் தொலைந்தால் அதை இரைச்சலாகக் கொண்டு வேகத்தைக் குறைக்காது. 2015இல் லினக்ஸ் 4.2இலேயே அது சேர்ந்தது. அடுக்குகளின் சுவர் அப்படியே நிற்கிறது.

ஆனால் வைஃபை, போகாத பாக்கெட்டைத் தானே சில முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். அப்போதும் தாமதம் ஏறும். தாமதத்தை மட்டும் நம்பினால் அங்கே ஏமாறலாம். ஆகவே ஒரு சிறு திறப்பாவது தேவைப்படுகிறது. 2001இலேயே இணையத்தார் ஐபி தலைப்பில் இரண்டே பிட் ஒதுக்கி, வரிசை நிரம்பும் முன்பே ரவுட்டர் டிசிபிக்கு எச்சரிக்கை காட்டும் ஏற்பாட்டைத் தரப்படுத்திவிட்டார்கள். எவ்வளவு சொல்லலாம், யார் சொல்லலாம் என்பது எழுதிவைத்த விதி. இரண்டு பிட்டுக்கு மேல் ஒன்றும் கசியாது. பெரிய பெரிய பின்னல்களைவிட இந்தச் சிறு திறப்பையே நான் நம்புகிறேன். அடுத்த வாரம் செல்பேசிக் கோபுரத்துக்குப் போவோம். அங்கே 4ஜி நிலையம் மில்லி நொடிக்கு ஒருமுறை நம் கைபேசிகள் தரும் சிக்னல் அறிக்கையைப் பார்த்து, அடுத்து யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறது.

(தொடரும்)