சுவர் பூசும் முன் ஒரு நிமிஷம்!

வீடு கட்டப் போகிறீர்களா? எத்தனை பெட்ரூம், பூஜை அறை எந்த மூலை, மாடிப்படி உள்ளேயா வெளியேயா... எல்லாம் பேசி முடித்திருப்பீர்கள். சரி, ஒரே ஒரு கேள்வி. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் அம்மா பாத்ரூம் போக எழுந்தால், லைட் சுவிட்ச் அவர் கைக்கு எட்டுமா?

சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால்தான் வலையபட்டியில் ஓர் ஆச்சி இடுப்பு எலும்பு முறிந்து மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

ஆச்சி என் நண்பரின் தாயார். செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே! முகப்பு, வளவு, முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போய்க்கொண்டே இருக்கும். இவர்கள் வீட்டில் கழிப்பறை கடைசிக் கோடியில். சுவிட்ச் பலகை வாசற்படிக்குப் பக்கத்தில், நின்றால்தான் எட்டும் உயரத்தில். ஆச்சி இருட்டிலேயே நடந்தார். முற்றத்துப் படியில் கால் இடறியது.

"ஆத்தா சத்தம் போட்டிருக்காக. முகப்புல படுத்திருந்த எனக்குக் கேக்கவே இல்லை. விடிஞ்சுதான் பார்த்தேன்" என்றார் நண்பர். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அந்த வீட்டைக் கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. மின்சாரம் வருவதற்கு முன் கட்டிய வீடு. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நான்கு பக்க ஓட்டிலிருந்தும் மழை முற்றத்தில் இறங்கும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பது வரை முதலிலேயே யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது 2003-ல்தான்! செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தது சும்மா இல்லை.

பின்னால் வந்த கரண்ட்தான் அந்த வீட்டில் ஒட்டாமல் நிற்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று இழைத்த சுவரை யாருக்குக் கொத்த மனசு வரும்? மேலேயே சட்டம் அடித்து ஒயரை ஓட்டினார்கள். இப்போது வைஃபை வைத்தால் அந்தப் பெரும் சுவரைத் தாண்டி அடுத்த கட்டுக்கு சிக்னல் போகவில்லை.

பழைய வீட்டுக்குப் பக்கத்து மனையில் நண்பர் இப்போது புது வீடு கட்டுகிறார். போன மாதம் போயிருந்தேன். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியனைக் காணோம். மேஸ்திரியைக் கேட்டால், "அவரு பூச்சு வேலைக்கு முன்னாடி வந்தாப் போதும் சார்" என்றார்.

போதவே போதாது! கூரையில் மின்விசிறிக்கான பெட்டியும் பைப்பும் கம்பி கட்டும்போதே உட்கார வேண்டும். கான்கிரீட் கொட்டிய பிறகு நினைவு வந்தால் உடைக்கத்தான் வேண்டும்.

அதனால் எலக்ட்ரீஷியனைப் பிளான் போடும்போதே கூப்பிடுங்கள். கட்டிலை எங்கே போடுவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வயதானவர் அறைக்கு என்னென்ன வேண்டும்? தலைமாட்டில் ஒரு சுவிட்ச். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மங்கலான பாத விளக்குகள். ஆள் நடந்தால் தானே எரிகிற சென்சார் விளக்கு இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. கழிப்பறையில், தரையில் விழுந்து கிடந்தாலும் எட்டுகிற உயரத்தில் ஓர் அழைப்பு மணி. பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படித் திறப்பீர்கள்? விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில், உலக அளவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் தரையோரமாக வைக்காதீர்கள். முட்டி வலிக்காரர் குனிய வேண்டாமா? ஒன்றரை அடிக்கு மேலே இருக்கட்டும்.

அடுத்து, ஷாக். "எம்சிபி போட்டாச்சு சார், பயமே இல்லை" என்பார்கள். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. மனிதனைக் காப்பாற்ற ஆர்சிசிபி வேண்டும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு கரண்ட் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஈரக் கையோடு கீசரைத் தொடுகிற வீட்டில் இதில் மிச்சம் பிடிக்கலாமா? அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒழுங்கான எர்த்தும் அவசியம்.

இன்வெர்ட்டருக்குத் தனி ஒயர் இழுக்கும்போது ஹாலில் இருக்கும் டி.வி.யைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். வீட்டில் இன்சுலின் இருந்தால் ஃப்ரிட்ஜையும், படுக்கையறையில் ஒரு பிளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெபுலைசருக்கு ஆகும். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் என்ற பெயரையே 2021-ல் கொரோனா இரண்டாம் அலை வரும் வரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருந்தோம்? ஐந்து லிட்டர் கருவிக்கே 300, 400 வாட் தேவைப்படும். அதற்குத் தகுந்த இன்வெர்ட்டர் இருக்க வேண்டும். பேட்டரியைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றோட்டமான இடமாகப் பாருங்கள்.

சூரிய மின்சாரம் போடும் எண்ணம் இருக்கிறதா? 2024-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். மொட்டை மாடியில் ஏறக்குறைய 300 சதுர அடி நிழல் விழாத இடமும், அங்கிருந்து மீட்டர் வரை ஒரு பைப்பும் இப்போதே விட்டுவையுங்கள். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்.

கேமரா, இன்டர்நெட், நாளைக்கு வரப்போகிற ஏதோ ஒன்று... எந்தக் கருவி வாங்குவது என்று இப்போது மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கருவி ஐந்து வருஷத்தில் பழசாகிவிடும். அறைக்கு அறை காலிக் குழாய் ஒன்று போட்டு, உள்ளே ஒரு கட்டுக்கம்பியை விட்டுவையுங்கள். எப்போது வேண்டுமானாலும் ஒயரை இழுத்துக்கொள்ளலாம். இன்டர்நெட் ஒயரும் கரண்ட் ஒயரும் ஒரே பைப்பில் போகக் கூடாது. ஏ.சி. வாங்கும் உத்தேசம் இருந்தால் தண்ணீர் வடியும் குழாய்க்கும் வாட்டம் கொடுத்து வைத்துவிடுங்கள். சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பூத்தால் ஆஸ்துமாக்காரர் பாடு திண்டாட்டம்.

பூசுவதற்கு முன், அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது எந்த இடத்தில் பைப் ஓடுகிறது என்று தெரியும்.

நண்பர் ஒரு காரியம் செய்தார். செங்கல் சுவர் மட்டும் எழும்பியிருந்த அறையில் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, ஆச்சியைப் படுக்கச் சொன்னார். "ஆத்தா, கையை நீட்டுங்க" என்றார். கை எட்டிய இடத்தில் எலக்ட்ரீஷியன் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார்.

ஆச்சி எழுந்திருக்கவில்லை. திரும்பிப் படுத்து இன்னொரு கையை நீட்டினார்.

"தம்பி, இங்கனயும் ஒண்ணு போடு. நான் ஒரே பக்கமாவா படுத்திருப்பேன்?"