ஆற்றைப் பார்க்கக் கற்போம்!

ஓவியம் பயில விரும்புவோர் பலரும் முதலில் கையில் எடுப்பது நீர்வண்ணத்தைத்தான். செலவு குறைவு, எளிது என்கிற எண்ணமும் உண்டு. ஓர் ஆற்றங்கரைக் காட்சியைத் தீட்ட முற்படும்போதுதான் அதன் கண்டிப்பு விளங்கும்.

எண்ணெய் வண்ணத்தில் இருண்ட பகுதியின் மீது வெள்ளையைப் பூசி ஒளியைக் கொண்டுவரலாம். நீர்வண்ண மரபில் தாளின் வெண்மையே ஒளி. நீரில் மின்ன வேண்டிய இடத்தை முன்கூட்டியே தீர்மானித்து, தீண்டாமல் விட்டுவிட வேண்டும். வண்ணம் படிந்துவிட்டால் அந்த வெண்மையை முழுமையாக மீட்க இயலாது. பொருளியல் மொழியில் சொல்வதானால், தாளின் வெண்மை செலவாகுமே தவிர வளராத மூலதனம்.

தாமிரவருணியையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயிலையும் அக்கரை மரங்களையும் தீட்ட வேண்டுமெனில், வானத்திலிருந்து தொடங்க வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளை நனைத்து, வானுக்கும் நீருக்கும் நீர்த்த வண்ணத்தை ஈரம் உலரும் முன்பே பூச வேண்டும். அது உலர்ந்த பின் தொலைவு மரங்கள், கோயில், அருகிலுள்ள பாறைகள் என வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குச் செல்வதே முறை.

நீர் என்றதும் நீலத்தைத் தேடுவது புதியவர்களின் இயல்பு. ஆனால், தொலைவிலுள்ள நீர் வானத்தைப் பிரதிபலித்து வெளிறியிருக்கும். காலடியில் தெளிந்த நீரெனில் மணலின் பழுப்பே தெரியும். பார்வை சாய்வாக விழும்போது பிரதிபலிப்பு மிகும், செங்குத்தாக விழும்போது குறையும் என்பதே காரணம். கரிய மரத்தின் பிம்பம் நீரில் சற்று வெளிறும். வெண்சுவரின் பிம்பம் சற்று மங்கும். பிம்பம் நேர்கீழாக அமையும். நிழலோ கதிரவனின் திசைக்கேற்பச் சாயும். இவற்றை நூலில் படிப்பதைவிடக் கரையில் அமர்ந்து பார்த்தே உணர முடியும்.

1792-இல் தென்னகத்தில் பயணம் செய்த ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் பாபநாசம் அருவியை வரைந்தனர். புகைப்படக் கருவி இல்லாத காலத்து நம் நீர்நிலைக்கு அந்தப் படம் இன்றும் சான்று.

இன்று நம் கைகளில் கேமரா இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் பொறுமை இல்லை. ஒரு நொடியில் படமெடுத்து நகர்ந்துவிடுகிறோம். இரண்டு மணி நேரம் கரையில் அமர்ந்து தீட்டுபவரின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. கழிவுநீர் கலக்கும் இடத்தில் ஆற்றின் நிறம் மாறுவதும், மணல் அகன்ற இடத்தில் பாறை துருத்துவதும், ஆகாயத்தாமரை படர்ந்த இடத்தில் வானத்தின் பிம்பம் மறைவதும் அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் படம் பொய்த்துவிடும்.

பல பள்ளிகளில் ஓவிய வகுப்பு, கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரைவார்க்கப்படும் நேரமாகவே இருக்கிறது. சுற்றுச்சூழல் பாடத்தில் ஆறுகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவர், தம் ஊர் ஆற்றின் நிறத்தை அறியாமலே தேர்ச்சி பெறுகிறார். மாதம் ஒருமுறையேனும் தாளும் தூரிகையுமாக ஆசிரியரின் துணையோடு அவர்களைக் கரைக்கு அழைத்துச் செல்லலாம். எல்லோரும் ஓவியராக வேண்டியதில்லை. தாளின் வெண்மையைப் போலவே, ஆற்றின் தூய்மையும் இழந்தபின் எளிதில் மீளாது என்பதை அவர்கள் உணர்ந்தால் போதும்.