கடிதப் பெட்டியின் சாவி யாரிடம்?

நிலாவெளியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கொமியூனிகேஷன் கடையில்தான் எனது முதல் மின்னஞ்சல் முகவரி உருவானது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து, ஓர் ஆங்கிலப் பாடநெறிக்கு விண்ணப்பிக்கப் போயிருந்தேன். கடைக்கார நானாவே கடவுச்சொல்லைத் தெரிவுசெய்து, தனது தொலைபேசி இலக்கத்தையும் பதிந்தார். பிறகு கடவுச்சொல் எழுதிய துண்டு தொலைந்தது. நானாவின் இலக்கமும் மாறிவிட்டது. பதில் வந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பின்னரே மின்னஞ்சலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஆரம்பத்தில் மின்னஞ்சல் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலுமே இருந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய சபீர் பாட்டியா, ஜெக் ஸ்மித் என்ற இரு பொறியியலாளர்கள் தாம் தொடங்கவிருந்த தொழிலைப் பற்றித் தமக்குள் எழுத விரும்பினார்கள். சபீர் பெங்களூரில் வளர்ந்தவர். ஆனால் வேலைத்தளக் கணினியின் பாதுகாப்பு அரண் அவர்களது சொந்த மின்னஞ்சலைத் தடுத்தது. அலுவலக முகவரியில் எழுதினால் மேலதிகாரி பார்த்துவிடலாம். இணைய உலாவியிலேயே கடிதங்களைத் திறக்க முடிந்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

இவ்வாறு 1996 ஜூலை 4 ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, ஹொட்மெயில் இலவசச் சேவையாக வெளிவந்தது. இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல் மொழியின் நான்கு எழுத்துகளும் இப்பெயரில் உள்ளன. பயனாளர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இச்சேவைக்கு அழைக்கும் ஒரு வரி இருந்தது. அதுவே அதன் விளம்பரம். 1997 இன் இறுதியில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் ஏறத்தாழ 400 மில்லியன் டொலருக்கு அதை வாங்கியது. ஹொட்மெயில் தந்த இடம் 2 மெகாபைட் மட்டுமே. 2004 ஏப்ரல் 1 இல் கூகுளின் ஜீமெயில் 1 ஜிகாபைட் தந்தது. 2013 இல் ஹொட்மெயில் அவுட்லுக் ஆக மாறியது.

இச்சேவைகளில் நம் கடிதங்கள் நமது கணினியில் இருப்பதில்லை. நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கின்றன. எனவே திருகோணமலையிலும் திறக்கலாம், கட்டாரிலும் திறக்கலாம். ஆனால் கடவுச்சொல் தெரிந்த எவரும் திறக்கலாம் என்பதையும் மறந்துவிடக்கூடாது. கடவுச்சொல் மறந்தால், பதிந்த தொலைபேசி இலக்கத்துக்கே மீட்புக் குறியீடு வரும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை கூகுள் அழித்துவிடலாம்.

உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்கும்போது எங்களுக்கு மின்னஞ்சல் முகவரி தேவைப்படும். ஆகவே தோழியரே, உங்கள் கணக்கை நீங்களே திறவுங்கள். கடைக் கணினியைப் பயன்படுத்தினால் வெளியேறிவிட்டே எழும்புங்கள். பெற்றோரே, பிள்ளைக்கென ஒரு முகவரி இருப்பது உங்களிடம் மறைப்பதற்கல்ல. எனது புதிய கணக்கின் மீட்பு இலக்கம் உம்மாவுடையது, கடவுச்சொல் என்னுடையது.

தமக்கென ஒரு கடிதப் பெட்டி வேண்டுமென்று இருவர் நினைத்ததால் பிறந்த சேவை இது. அதன் சாவியை நாம் ஏன் பிறர் கையில் கொடுக்க வேண்டும்?