மனையும் மதிப்பும்

நுழையும்முன்

நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதி வீடாகவே உருப்பெறுகிறது. மேற்படிப்பு, மருத்துவம், பணியிட மாற்றம் முதலிய தேவைகளின்போது அவ்வீட்டை விற்கவேண்டிய நிலையும் நேர்கிறது. விற்பதற்குமுன் எதைச் செப்பனிடுவது, எதை அப்படியே விடுவது என்னும் முடிவு, கைக்கு வரும் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. அம்முடிவை ஆராய்ந்து மேற்கொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மனையும் கட்டடமும்

ஒரு வீட்டின் விலை, மனையின் மதிப்பும் கட்டடத்தின் மதிப்பும் சேர்ந்து அமைவது. மனையின் மதிப்பை அமைவிடம், சாலையின் அகலம், குடிநீர் வசதி, கழிவுநீர் இணைப்பு ஆகியவை தீர்மானிக்கின்றன. கட்டடமோ ஆண்டுதோறும் தேய்மானம் அடைவது. மதிப்பீட்டாளர், கட்டடத்தின் வயதிற்கேற்பத் தேய்மானத்தைக் கழித்தே அதன் மதிப்பைக் கணிக்கிறார். ஆகவே, செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் விலையில் திரும்பி வரும் எனக் கருதுதல் பொருந்தாது.

சுற்றுப்புறமும் விலைக்கு ஓர் எல்லையை வகுக்கிறது. ஒரு தெருவில் உள்ள வீடுகள் 50 இலட்சம் ரூபாய் அளவில் விலைபோவதாகக் கொள்வோம். அங்கு ஒருவர் 20 இலட்சம் ரூபாய் செலவிட்டுப் பளிங்குத் தரையும் அலங்கார மேற்கூரையும் அமைத்தாலும், 70 இலட்சம் ரூபாய் தர முன்வருவோர் அரியர். அத்தொகையை உடையவர் வேறு பகுதியில் பெரிய வீட்டையே நாடுவார்.

நீரே முதற்பகை

தமிழ்நாட்டு வீடுகளைப் பெரிதும் கெடுப்பது நீர்க்கசிவாகும். மேல்தளத்தில் தேங்கும் மழைநீர் வெடிப்புகளின் வழியே இறங்கிக் கான்கிரீட்டினுள் உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடத்தை அடைப்பது. அவ்வழுத்தத்தால் கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. எனவே, மேல்தளத்தின் நீர்வாட்டத்தைச் சரிசெய்து வெடிப்புகளை அடைத்தல், தட்டோடுகளின் இடைவெளிகளைப் பூசுதல், குளியலறைக் குழாய்க் கசிவை நீக்குதல் ஆகியவை முதலில் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.

பழைய சாலையை அகழ்ந்தெடுக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் இடுவதால், பல தெருக்களில் வீடுகள் சாலை மட்டத்திற்குத் தாழ்ந்துவிட்டன. 2015ஆம் ஆண்டு டிசம்பர் பெருவெள்ளத்தின்போது சென்னையின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மழைநீர் உட்புகாத வாயிலமைப்பும் தடையற்ற வடிகாலும் எத்தகைய அலங்காரத்தினும் மேலானவை. மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அது தூர்ந்து கிடப்பின் தூய்மைப்படுத்தல் வேண்டும். அதற்காகும் செலவும் சிறிதே.

தெரிந்து தெளிவோம்

பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். இந்நிலையில் வாங்குபவர், ஐயத்தின் காரணமாக எல்லாப் பொருளுக்கும் விலையைக் குறைத்தே கேட்பார். இதனை ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய மகிழுந்துச் சந்தையைக் கொண்டு விளக்கினார். அவர் 2001ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இக்கருத்து வீட்டிற்கும் பொருந்தும். சுவரில் ஈரக்கறையைக் கண்டவர், கண்ணுக்குப் புலப்படாத பழுதுகளும் இருக்கக்கூடும் என அஞ்சுவார். பழுதுபார்க்க 40,000 ரூபாய் போதுமெனினும், அவர் அதனினும் பன்மடங்கு குறைத்துக் கேட்கக்கூடும். சிறு கசிவை அடைத்தல் பெரும் ஐயத்தை நீக்குதலாகும்.

ஆவணங்களின் இன்றியமையாமை

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற கட்டட வரைபடம், சொத்துவரி இரசீது ஆகியவை வீட்டின் மதிப்பைத் தாங்கி நிற்பவை. வங்கிகள் இவற்றை ஆராய்ந்த பின்னரே வீட்டுக்கடன் வழங்குகின்றன. அனுமதியின்றி எழுப்பிய மாடி, இடத்தைப் பெருக்கினாலும் கடன் பெற்று வாங்க விழைபவரை விலக்கிவிடும். பெற்றோர் பெயரிலேயே இருக்கும் பட்டாவை உரிய வாரிசுகளின் பெயருக்கு மாற்றுதற்கு ஆகும் செலவு குறைவு. அதனால் விளையும் பயன் பெரிது.

பொதுப்பயனும் தனிவிருப்பமும்

யார் குடிபுகுந்தாலும் பயன்படும் மேம்பாடு மதிப்பைக் கூட்டும். பாதுகாப்பான மின்கம்பி இணைப்பு, மின்கசிவைத் துண்டிக்கும் கருவி, காற்றும் ஒளியும் புகும் சமையலறை, கூடுதல் கழிப்பறை, முதியோர் வழுக்கி விழாத தரை ஆகியவை இவ்வகையின. அடர்நிறச் சுவர், விலையுயர்ந்த தொங்கு விளக்கு, செயற்கை நீரூற்று முதலியவை உரிமையாளரின் விருப்பத்தைச் சார்ந்தவை. கூடத்தைப் பெரிதாக்கும் பொருட்டுப் படுக்கையறைச் சுவரை இடிப்பது, அறைகளின் எண்ணிக்கையைக் குறைத்து வாங்குவோரின் ஆர்வத்தையும் குறைத்துவிடலாம். சுவர் எதுவாயினும் பொறியாளரின் கருத்தறியாமல் இடித்தல் ஆபத்தாகும்.

கணக்கும் வாய்மையும்

மேம்பாட்டுப் பணிகளுக்குரிய இரசீதுகளைப் பாதுகாத்தல் நன்று. வீட்டை விற்றுப் பெறும் மூலதன இலாபத்தைக் கணக்கிடும்போது, நிலையான மேம்பாட்டிற்குச் செலவிட்ட தொகையைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. வெள்ளையடித்தல் போன்ற வழக்கமான பராமரிப்புச் செலவு அதில் அடங்காது.

பழுதை நீக்காமல் அதன்மேல் வண்ணம் பூசி மறைத்தல் மேம்பாடு ஆகாது. வாங்குபவர் இயல்பான கவனத்துடன் பார்த்தும் கண்டறிய இயலாத முதன்மையான குறைகளை, அறிந்த விற்பனையாளர் தெரிவித்தல் வேண்டும் என 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் கூறுகிறது. எதிரில் இருப்பவரும் தம் வாழ்நாள் சேமிப்பைக் கையில் ஏந்தி வந்தவரே என்பதை விற்பவர் மறத்தல் கூடாது.

நீரைத் தடுத்தல், ஆவணங்களைச் செம்மைப்படுத்தல், பொதுப்பயன் தரும் வசதிகளை அமைத்தல், அலங்காரத்தை இறுதியில் வைத்தல் என்பதே செலவிற்கேற்ற வரிசையாகும். இவ்வரிசையில் அமையும் பணிகள், வீட்டை விற்கும் நாள் வரும்வரை அதில் வாழ்வோர்க்கும் நலம் பயப்பவை. விற்கும் தேவை எழாது போயினும் அச்செலவு வீணாவதில்லை.