குளிர்கால விருந்துக்கு ஒரு பசுங்கீரைப் பச்சடி

கனடா நாட்டின் டொராண்டோ மாநகரில் டிசம்பர் மாதத்தில் மாலை நாலே முக்கால் மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. மஃரிபு தொழுது முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்து மணிதான் ஆகியிருக்கும். வெளியிலோ நள்ளிரவு போன்ற இருள், பாதையெங்கும் பனி. இத்தகைய நீண்ட இரவுகளில்தான் அங்கு வாழும் நம் குடும்பங்கள் ஒருவர் இல்லத்தில் மற்றவர் கூடி விருந்துண்கின்றன. சென்ற ஆண்டு டிசம்பரில் என் தம்பியின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது அத்தகைய இரு விருந்துகளைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இரண்டிலும் ஒரே கீரைதான் பரிமாறப்பட்டது. முதல் விருந்தில் அது தட்டுகளில் அப்படியே மிஞ்சிற்று. அடுத்த விருந்தில் பாத்திரம் காலியாயிற்று. இடையில் நிகழ்ந்தது என்ன என்பதைச் சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். பிள்ளைகளைக் குளிர்நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் அங்கு என்ன உண்கிறார்களோ எனக் கவலையுறும் தாய்மார்கள் நம்மில் அநேகர் அல்லவா?

முதல் விருந்தன்று தம்பியின் மனைவி காலை முதலே அடுப்படியில் நின்று ஆட்டிறைச்சி பிரியாணி, தால்ச்சா, பொரித்த கோழி என நம் வழக்கப்படி அனைத்தையும் சமைத்திருந்தாள். இவற்றுடன் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் கரும்பச்சை நிறக் கீரை ஒன்று, வேகவைக்கப்படாமலே, எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி வைக்கப்பட்டிருந்தது. வந்தவர்களுள் எழுபத்தைந்து வயதைக் கடந்த பெரியம்மா ஒருவரும் இருந்தார். நீரிழிவு நோய் உடையவர். பற்களும் கட்டிய பற்கள். பிரியாணி இரண்டு கரண்டிக்கு மேல் கூடாது என்பது அவருடைய மகனின் கண்டிப்பு. அவரை மனத்திற்கொண்டே தம்பி மனைவி அக்கீரையை வைத்திருந்தாள்.

பெரியம்மா ஒரு வாய் எடுத்தார். நெடுநேரம் மென்றார். பின்பு யாரும் பாராதவாறு அதைக் காகிதத் துண்டில் வாங்கி மடித்து வைத்துவிட்டு, அருகிலிருந்த என்னிடம் கேட்டார்:

"இது கீரையா புள்ள, இல்ல செருப்புத் தோலா?"

மெல்லத்தான் கேட்டார். ஆயினும் அனைவர் காதிலும் விழுந்துவிட்டது. சிரிப்பு எழுந்தது. தம்பி மனைவியின் முகம் வாடிற்று. சிரித்தவர்களின் தட்டுகளிலும் கீரை ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது என்பது வேறு செய்தி. அந்த மேசையில் அம்மூதாட்டிக்கென்றே வைக்கப்பட்ட ஒரே உணவு, அவரால் உண்ண இயலாத ஒரே உணவாகப் போயிற்று.

நெருப்பில் வெந்த கீரை

அக்கீரையின் பெயர் கேல். நாம் அன்றாடம் வாங்கும் முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூல்கோல் ஆகியவையும் கேலும் தாவர நூலாரின் கணக்கில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. முட்டைக்கோசு தன் இலைகளைச் சுருட்டிப் பந்தாக்கிக்கொள்கிறது. கேல் அவற்றை விரித்தே வைத்திருக்கிறது. தோற்றத்தில் வேறுபட்ட சகோதரிகள் எனலாம்.

ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் இது பன்னெடுங்காலமாக ஏழை எளியவரின் உணவாக இருந்து வந்துள்ளது. பிற பயிர்கள் பனியில் கருகும்போது இது மட்டும் தோட்டத்தில் பசுமையாக நிற்கும். ஸ்காட்லாந்து மக்களின் பேச்சில் 'கேல்' என்ற சொல் கீரையை மட்டுமன்றி உணவையே குறித்தது. வீட்டுத் தோட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயரும் 'கேல்யார்டு' என்பதே. வயிறு நிறைய எதை உண்டாலும் "சோறு தின்றாயா?" என்று நாம் கேட்பதில்லையா? அது போன்றதே இது. ஜெர்மனியின் பிரெமன், ஓல்டன்பர்க் வட்டாரங்களில் குளிர்காலம் வந்தால் நண்பர்கள் கூட்டமாகக் குளிரில் நெடுந்தொலைவு நடந்து சென்று, முடிவில் ஓர் உணவகத்தில் அமர்ந்து கேல் உண்பர். தம்முள் ஒருவரைக் 'கேல் அரசன்' எனத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அந்தக் கீரையில் பன்றி இறைச்சி சேர்வதால் நமக்கு அது ஆகாது. துருக்கியின் கருங்கடல் கரையோரத்து முஸ்லிம்களோ இவ்வினத்துக் கீரையைச் சூப்பாகவும், இலையில் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டியும் சமைக்கிறார்கள். நம் நாட்டுக் காஷ்மீரத்தில் நாள்தோறும் அடுப்பேறும் 'ஹாக்' கீரையும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே.

இவர்கள் எல்லோரிடமும் ஒரு செய்தி பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். அனைவரும் இதை நெருப்பில் இட்டே உண்டார்கள். இவ்விலை முரடானது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பச்சையாக உண்ணும் வழக்கம் பரவலானது அண்மையில்தான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் உணவகங்களில் பிற பண்டங்களுக்கு அடியில் அழகுக்காக விரிக்கும் இலையாகவே கேல் பெரிதும் பயன்பட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 'ஃபிரானிஸ்' என்ற உணவகத்தில் ஜோசுவா மெக்ஃபேடன் என்ற சமையற்கலைஞர், இத்தாலியின் டஸ்கனி வகைக் கேலை மெல்லிதாக அரிந்து, பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி சேர்த்துப் பச்சையாகவே பரிமாறினார். 2007 அக்டோபரில் மெலிஸ்ஸா கிளார்க் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அதைப் பற்றி எழுதினார். அதன்பின் இப்பச்சடி வீடுதோறும் நுழைந்தது. செய்முறை நுழைந்த வேகத்தில் அதன் பக்குவம் நுழையவில்லை என்பதே என் எண்ணம்.

எங்கே பிழை?

விருந்தினர் சென்றபின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி, "ராத்தா, பொட்டலத்துல அப்படியே சாப்பிடலாம்னுதான் போட்டிருக்கு" என்று வருந்தினாள். பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். பெருங்கடைகளில் வெட்டிக் கழுவி விற்கப்படும் கேல் அது. நடுநரம்போடு சேர்த்தே துண்டாடப்பட்டிருந்தது. அந்த நரம்பு நம் முருங்கைக் காம்பைப் போன்றது; வேகவைத்தாலே மென்மையாவது அரிது. பச்சையாக அதை எந்தப் பல் கடிக்கும்?

இரண்டாவது பிழை, லெட்யூஸ் இலைக்குச் செய்வது போலவே இதற்கும் சாற்றை மேலே ஊற்றிக் கிளறியது. கேல் இலையின் மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு உண்டு. குழாய் நீரில் காட்டினால் சேப்பங்கிழங்கு இலையில் போல நீர் முத்து முத்தாக உருண்டோடும். பிறகு எலுமிச்சைச் சாறு மட்டும் எப்படி ஊறும்? இலையின் உள்ளேயிருக்கும் உயிரணுக்களின் சுவர்களும் தடித்தவை. அவை நசுங்கினாலன்றி இலை தளராது.

அங்குள்ளோர் இதற்குக் கூறும் வழி, கீரைக்கு 'மசாஜ்' செய்வதாம்! கீரைக்குக்கூட மசாஜா என்று முதலில் நகைத்தேன். பின்னர்தான் உறைத்தது, நம் வீடுகளில் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி செய்யும்போது வெங்காயத்தை அரிந்து, உப்பிட்டுக் கையால் பிசிறி வைக்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதான் என்பது. உப்பு நீரை இழுக்கிறது. கை அழுத்தத்தில் இலை நைகிறது. காரமும் கசப்பும் தணிகின்றன. என் உம்மா, "பிசிறாத வெங்காயம் பேசும்" என்பார்கள். உண்டவர் வாயிலிருந்து வாடை பேசும் என்பது பொருள். நாம் நன்கறிந்த கைவேலைதான், கீரைதான் புதிது.

பக்குவம்

அடுத்த சனிக்கிழமைக்கு முன்பே ஒரு நாள் சிறிதளவு செய்து பார்த்துவிட்டோம். எட்டுப் பேருக்கு உரிய அளவைத் தருகிறேன்.

பொட்டலக் கீரையை விடுத்து முழு இலைக் கட்டாக இரண்டு கட்டுகள் வாங்குக. ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். சுருள் இலை, நீண்டு கறுத்த டஸ்கனி இலை என இருவகை பெரும்பாலும் கிடைக்கும். பச்சடிக்கு டஸ்கனி இலையே உகந்தது. மெல்லிதாக அரிய இடம் தரும். சுருள் இலையின் மடிப்புகளில் மண்ணும் சிறு பூச்சிகளும் ஒளிந்திருக்கும். எவ்வகையாயினும் அகன்ற பாத்திரத்தில் குளிர்நீர் நிரப்பி அலசி, நீரை மாற்றி, மும்முறை கழுவுதல் வேண்டும். பின்பு துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிடுக. ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாது.

நடுநரம்பை இரு விரலால் பிடித்து உருவினால் இலை தனியே வந்துவிடும். நரம்புகளை எறிய வேண்டா. மறுநாள் பருப்பில் போட்டு வேகவிடலாம். இலைகளை அடுக்கிச் சுருட்டி, வெற்றிலையை அரிவது போல் மெல்லிய இழைகளாக அரிக. முதியவர் இருக்கும் விருந்தாயின் இழைகள் நீளமாக இராதபடி குறுக்கேயும் இரண்டு வெட்டு வெட்டிவிடுவது நல்லது.

இனி மோதிரங்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, அரைத் தேக்கரண்டி உப்பும் மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் இலைமேல் இட்டுப் பிசிறத் தொடங்குக. கை நிறைய அள்ளி, அழுத்தி, விடவேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் இலை நிறம் மாறிக் கறுத்து மினுங்கும். பாத்திரம் நிறைய இருந்தது பாதியாகச் சுருங்கும். சுருள் இலைக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். கடுகு நெடி போல் ஒன்று எழுந்தால் வியக்க வேண்டா. கடுகும் இதே குடும்பத்தது. ஓர் இழையை மென்று பாருங்கள். பல்லில் கிறீச்சிடாமல் இருந்தால் பக்குவம் வந்துவிட்டது. அதன்பிறகே நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் ஒரு பல் பூண்டை நசுக்கியதும் சேர்க்கவேண்டும். எண்ணெயை முதலிலேயே ஊற்றிவிட்டால் கை வழுக்குமேயன்றி இலை நையாது. அரைமணி நேரம் ஊற விடுக.

கேலுக்குப் பனி பட்டால் இனிப்பு ஏறும். உறையும் குளிரிலிருந்து தன்னைக் காக்க அச்செடி மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறைவதில்லை. அல்லாஹ் ஒவ்வொரு செடிக்கும் அளித்துள்ள தற்காப்பு வியப்புக்குரியதே. ஆனால் கனடாவின் கடைகளில் குளிர்காலத்தில் கிடைக்கும் கேல் பெரும்பாலும் கலிபோர்னியா போன்ற வெப்பமான பகுதிகளிலிருந்து லாரியில் வருவது, பனியைக் காணாதது. எனவேதான் இனிப்பை நாம் சேர்க்கவேண்டியுள்ளது.

தம்பி மனைவி பேரீச்சம்பழமும் மாதுளை முத்துக்களும் சேர்க்க விரும்பினாள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் நீரிழிவு உள்ளவருக்குப் பேரீச்சை ஆகாது. மாதுளை விதையோ கட்டிய பல்லுக்கு அடியில் போய் உறுத்தும். இரண்டையும் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து வேண்டியவர் தூவிக்கொள்ளச் செய்தோம். பச்சடியில் நன்கு கனிந்த பேரிக்காய் ஒன்றை அரிந்தும், குழைய வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையும் சேர்த்தோம். வறுத்த பாதாமை இடித்துப் பரிமாறும் வேளையில் மட்டும் தூவினோம்.

பாலாடைக்கட்டியை நாங்கள் தவிர்த்துவிட்டோம். இப்பச்சடிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பெக்கோரினோ என்ற இத்தாலியக் கட்டி, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னட் கொண்டு உறைய வைக்கப்படுவது. ஹலால் முறையில் அறுக்கப்படாத பிராணியின் ரென்னட் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலை விரும்புவோர் தாவர ரென்னட் என்று அச்சிட்டிருப்பதைத் தேடி வாங்கலாம். சுவைக்கு அது கட்டாயமும் அன்று.

இரண்டாம் விருந்துக்கு வந்தவருள் ஒருவர் இதய வால்வு மாற்றப்பட்டு வார்ஃபரின் என்ற மருந்தை உட்கொள்பவர். கேலில் வைட்டமின் கே மிக அதிகம். அது இரத்தம் உறைவதற்கு உதவுவது. வார்ஃபரினோ இரத்தம் உறையாதிருக்கத் தரப்படுவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும். எனவே வழக்கமாக உண்ணாதவர் திடீரென ஒரு கிண்ணம் உண்பது மருந்தின் வேலையைக் குலைக்கக்கூடும். அளவாக, ஒரே சீராக உண்பதற்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வதே முறை. இரத்த மெலிவு மருந்துகள் அனைத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், விருந்து வைப்பவர் கேலை மேசையில் வைக்கும்போதே இன்ன கீரை என்று சொல்லிவிடுவது கடமை. அன்று அவர் ஒரு தேக்கரண்டி எடுத்துச் சுவைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

மற்றொரு வசதியையும் சொல்லவேண்டும். லெட்யூஸ் பச்சடி அரைமணியில் துவண்டு நீர் விட்டுவிடும். கேலோ ஊற ஊறச் சுவை கூடும். குளிர்ப்பெட்டியில் மறுநாள் வரை கெடாது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரு ரமளான்கள் தொடங்கும். வடநாட்டுக் குளிரில் மாலை ஐந்து மணிக்குள் இஃப்தார் மேசையை அமைக்கவேண்டிய சகோதரிகள் இதை நண்பகலிலேயே பிசிறி வைத்துவிடலாம். நோன்போடு சுவை பார்க்கத் தயங்குவர் என்பதால் உப்பை மட்டும் அளந்தே இடவேண்டும்.

அந்தச் சனிக்கிழமை பெரியம்மா முதலில் ஐயத்தோடுதான் பாத்திரத்தைப் பார்த்தார். தம்பி மனைவி தானே சிறிது எடுத்துத் தட்டில் வைத்தாள். பெரியம்மா மென்றார். ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை அவரே எடுத்து இரண்டாம் முறை வைத்துக்கொண்டபோது, இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. புறப்படும் நேரத்தில் கைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மிச்சம் இருந்தா போடு புள்ள. பாதாம் வேணாம், காலைக்குள்ள நமத்துப் போயிடும்."