குனிந்து ஓடும் கார்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக்குப் போயிருக்கிறீர்களா? நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால், தேக்கா சந்தையும் வீரமாகாளியம்மன் கோவிலும் உங்களில் பலருக்குப் பழகிய இடங்களாகத்தான் இருக்கும். கூட்டம் நெருக்கியடிக்கும் அந்தச் சாலையில் கார்களெல்லாம் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து வரும். அவற்றின் நடுவே சில சமயம் ஒரு கார் தரையோடு தரையாகக் குனிந்து வருவதைப் பார்க்கலாம். சக்கரத்துக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் கைவிரல் நுழைய இடமிருக்காது. உறுமிக்கொண்டே வரும்; ஓட்டுபவர் காலை எடுத்ததும் "புஸ்" என்று ஒரு பெருமூச்சு விடும். உடன் வரும் பையன்கள், "டர்போ, சார், டர்போ!" என்று துள்ளுவார்கள்.

வேகம் அந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ் சாலை இருக்கிறதல்லவா? ஒரு காலத்தில் அங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிப் போனது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. பிறகு கார்களின் காலம் வந்தது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையை அடைத்துக் கார்ப் பந்தயம் நடத்தினார்கள். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த அந்தப் பாதையில் உயிர்களும் போயின. 1973-க்குப் பிறகு பந்தயம் நிறுத்தப்பட்டு, 2008-இல்தான் மரினா பே பகுதியில் இரவுப் பந்தயமாக மீண்டும் தொடங்கியது.

சரி, டர்போ என்பது என்ன? கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றை ஊத ஊத நெருப்பு கனலும். இஞ்சினும் அப்படித்தான். காற்று அதிகமாகப் போனால் பெட்ரோலையும் அதிகமாகக் கொடுத்து எரிக்கலாம், பலமும் கூடும். இந்தத் துருத்தியை மிதிக்க ஆள் வேண்டாம். இஞ்சின் வெளியே தள்ளும் வீண் புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சுழலக்கூடிய சக்கரம் இது! சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். சுபாரு இம்ப்ரெஸா, மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் போன்ற ஜப்பானியக் கார்கள் 1990-களில் இதை இளைஞர்களின் கனவாக்கிவிட்டன.

காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எந்தப் பையனும் சொல்வான். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் இன்டர்கூலர் என்ற குளிர்விப்பானை வைக்கிறார்கள். சிங்கப்பூர் வெயிலில் அதற்கே மூச்சு முட்டும். இந்த நிலையில் பட்டறைக்காரர் கணினியைத் திருத்திக் காற்றழுத்தத்தை மேலும் ஏற்றிவிட்டால், பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கத் தொடங்கும். 'நாக்கிங்' என்கிறார்களே, அதுதான். சுத்தியலால் தட்டுவது போன்ற அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். சிங்கப்பூரில் கிடைக்கும் 98 பெட்ரோலை நம்பி அமைத்த காரில் 95-ஐ ஊற்றினால் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அங்கே கார்ப் பட்டறையில் வேலை செய்கிறான். சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கமெல்லாம் இத்தகைய பட்டறைகள் ஏராளம். அவன் சொன்னதைக் கேளுங்கள்: "சார், வருகிறவர்கள் எல்லோரும் குதிரைத் திறனைத்தான் கேட்கிறார்கள். பிரேக்கைக் கேட்பவர் பத்தில் ஒருவர்தான்." எது முதலில் என்று கேட்டேன். நல்ல டயர், பிரேக், இஞ்சினைக் குளிர வைக்கும் ஏற்பாடு. இவையெல்லாம் முடிந்த பிறகே டர்போவைத் தொட வேண்டும் என்றான். வகுப்பில் கணக்குக்கு அழுதவன்தான். இன்று அவன் சொல்லும் வரிசையில் ஒரு பிசகும் இல்லை.

காரைத் தாழ்த்துவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கனம் தரைக்கு நெருங்கி வந்தால் வளைவில் கார் அதிகம் சாயாது. அதற்காகத்தான் பந்தயக் கார்கள் தாழ்வாக இருக்கின்றன. முறையாகச் செய்வதென்றால் குட்டையான, கெட்டியான ஸ்பிரிங்கையும் அதற்கு ஏற்ற அப்சார்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிறகு சக்கரங்களின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும். வெளியே நின்று பார்ப்பவருக்கு டயர் புதிது போலவே இருக்கும்! இதைவிடக் கொடுமை, காசு மிச்சம் என்று பழைய ஸ்பிரிங்கையே வெட்டிவிடுவது. வெட்டிய ஸ்பிரிங் இருக்கையில் சரியாக உட்காராது. குழியில் இறங்கி எழும்பும்போது அது நழுவிவிட்டால், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் என்ன செய்ய முடியும்?

நம் தோட்டத்துச் செம்மண் பாதைக்கு இந்தக் கார்கள் ஒத்துவராது என்பதைச் சொல்லவே வேண்டாம். தீபாவளிக்கு இப்படி ஒரு கார் எங்கள் லயத்துப் பக்கம் வந்து மேட்டில் வயிறு தட்டி நின்றது. நாலு பேர் தூக்கிவிட்டோம்.

இனிக் காசுக் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ள வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். 1990-இல் வந்த ஏற்பாடு இது. பத்தாண்டுக்குத்தான் செல்லும், விலையை ஏலம் முடிவு செய்யும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போனது. காரின் விலை அதில் சேராது. வெறும் காகிதத்துக்கே அவ்வளவு! அந்தக் காரை அனுமதியில்லாமல் மாற்றினால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் குழாயை மாற்றவும், வேறு இஞ்சின் ஏற்றவும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. மூன்று வயதான கார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து வயதைத் தாண்டியது ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். சோதனைக்கு முதல் நாள் பழைய சாமானை மாட்டி, மறுநாள் கழற்றிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. சாலையிலேயே நிறுத்திப் பார்க்கும் அதிகாரிகளிடம் அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லாது. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்து நேரும்போது காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாம். அந்தக் கடன் யார் தலையில் விழும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

2021 பிப்ரவரி 13-ஆம் தேதி, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், விடிவதற்கு முன் தஞ்சோங் பகார் சாலையில் ஒரு பிஎம்டபிள்யூ கார் கடைவீட்டின் மீது மோதித் தீப்பற்றியது. உள்ளே இருந்த ஐந்து இளைஞர்களும் மாண்டார்கள். எம்4 என்ற அந்த வகை, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரட்டை டர்போவுடன் வருவது. ஊருக்குள் இருக்கும் ஒரு சாலை தாங்கக்கூடிய வேகத்துக்கு மேலாகவே அதற்குப் பலம் இருக்கிறது.

உங்கள் பிள்ளையோ தம்பியோ இத்தகைய காரில் ஆசை வைத்திருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் உங்களிடம் சொல்லாமல் வாங்குவான். பழைய காராக இருந்தால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அடியில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கட்டும். என்னென்ன மாற்றினார்கள், எதற்கெல்லாம் அனுமதிக் கடிதம் இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்கட்டும். கழற்றிய பழைய ஸ்பிரிங்கும் எக்ஸாஸ்டும் அவர் வீட்டு மூலையில் இருந்தால், பேரம் முடியும் முன்பே அவற்றையும் சேர்த்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.